சேஷன் மாற்றிய தேதி

திருவனந்தபுரம் கோட்டைக்குள் தெருக்காரர்களுக்கு அவர் ஷெட்யூல் சேஷன். நகரத்து பஸ் டிப்போ ஒன்றில் முப்பத்தொரு வருஷம் அவர் பார்த்த வேலை அது. எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்று பெரிய தாளில் கட்டம் போட்டு எழுதுவார். ஒரு வண்டி ஒர்க்‌ஷாப்பில் படுத்துக்கொண்டால் பொன்முடி மலையில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்குப் போக முடியாமல் நிற்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனாலேயே ஒர்க்‌ஷாப் சொல்லும் தேதியை அவர் நம்பியது கிடையாது. திங்கட்கிழமை வண்டி தயார் என்று அங்கிருந்து சொன்னால், இவர் வியாழக்கிழமை என்று எழுதிக்கொள்வார். பெரும்பாலும் வியாழக்கிழமைதான் வண்டி வரும். அதில் மனுஷருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்படிப்பட்டவர் ஆயுசில் ஒரே ஒரு தடவை ஒர்க்‌ஷாப் தேதியை நம்பினார். அது பஸ்ஸுக்கான தேதி இல்லை, கப்பலுக்கான தேதி.

சேஷனுக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. வெளியில் கை நனைக்க மாட்டார். கல்யாண வீட்டில்கூட சமையல் யார் என்று விசாரித்த பிறகுதான் இலைக்கு முன்னால் உட்காருவார். ஒரு தடவை பூனாவில் இருக்கும் மகன் வெங்கிடேஷைப் பார்க்க ரயிலில் போனபோது, கட்டிக்கொண்டு போன இட்லி முதல் நாளே தீர்ந்துவிட, மீதி தூரத்தை வெறும் வாழைப்பழத்தில் ஓட்டினார். பூனா பிளாட்பாரத்தில் இறங்கியதும் மயங்கி விழுந்தார். எதிரே நின்ற மகனைக்கூடப் பார்க்காமல் அவரைத் தாங்கிப் பிடித்தது அவர் மனைவி லலிதாம்பாள்தான்.

லலிதாம்பாள் வாய் திறந்து இது வேண்டும் என்று கேட்டு யாரும் பார்த்ததில்லை. அறுபத்து நாலாவது வயதில், ஜனவரி மாதம், கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. மழைக்கு முன்னால் எங்கேயாவது போக ஆசைப்பட்டால் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள் என்று டாக்டர் சேஷனைத் தனியாக அழைத்துச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவியிடம் எங்கே போகலாம் என்று கேட்டார். காசி, ராமேஸ்வரம் என்று ஏதாவது சொல்வாள் என்றுதான் நினைத்தார்.

"ஆராட்டுக்கு வருஷா வருஷம் சங்குமுகம் போறோம், கேட்டேளா. பெருமாள் கடல்ல முங்கிட்டு, திரும்பி நம்மளைப் பாத்துண்டு வரார். அவர் பாக்கற மாதிரி நம்ம கரையைக் கடல்ல இருந்து ஒரு தடவை பாக்கணும். அது மதி எனக்கு, அது போதும்" என்றாள்.

கிழக்கேகோட்டையில் டிராவல்ஸ் வைத்திருக்கும் பிரிஸில்லாவைத் தேடிப் போனார்கள். களியக்காவிளைப் பக்கத்துப் பெண், வாயும் கையும் சுறுசுறுப்பு. கொச்சியிலிருந்து சென்னைக்கு மூன்று நாள் போகும் உல்லாசக் கப்பல் ஒன்று இருக்கிறது, காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்குத் திருவனந்தபுரத்தைத் தாண்டும் என்றாள். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதிக்கு இரண்டு டிக்கெட் போட்டாயிற்று. லலிதாம்பாள் அன்றைக்கு ராத்திரி வலி மாத்திரை கேட்காமல் தூங்கினாள்.

அடுத்த வாரம் பெயர்களைச் சரிபார்க்கப் போனபோது பிரிஸில்லா பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னாள். பிப்ரவரிப் பயணம் முடிந்ததும் கப்பல் ஐந்து வாரம் பழுது பார்க்கும் தளத்துக்குப் போகிறதாம். கேபின்களைப் புதுப்பிக்கிறார்களாம். அதோடு சைவத்துக்கென்றே தனிச் சமையலறை, தனிப் பாத்திரம், தனி ஆட்கள். மார்ச் இருபத்து நாலிலிருந்து மறுபடி ஓடுமாம்.

சேஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது எப்படி என்று கேட்டார். ஒரே கிச்சன்தான் சார் என்றாள் பிரிஸில்லா. அவ்வளவுதான், அவர் முகம் சுருங்கிவிட்டது. தேதியை மார்ச்சுக்கு மாற்றிவிடலாம் என்று மனைவியைப் பார்த்தார். நோயாளி, நல்ல சாப்பாடு வேண்டும் என்று ஒரு காரணமும் சொன்னார்.

"மூணு நாள்தானே. தயிர் சாதம் டப்பாவுல எடுத்துக்கலாம்" என்றாள் லலிதாம்பாள்.

"மறுநாளே புளிச்சுடும்."

"பாலை விட்டுப் பிசைஞ்சு ஒரு சொட்டு மோர் குத்தினா புளிக்காது."

"முப்பது மணி நேரம் தாங்காது" என்றார் சேஷன். ஷெட்யூல் போட்ட மனுஷர் இல்லையா, மணிக்கணக்கு உடனே வந்துவிட்டது.

லலிதாம்பாள் கொஞ்ச நேரம் சுவரில் ஒட்டியிருந்த கப்பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தேதி மாற்றும் விண்ணப்பத்தை ஜெராக்ஸ் எடுக்கப் பக்கத்துக் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது, "சாரமில்லே, பரவாயில்லே, மார்ச்சுக்கே போலாம்" என்றாள். சேஷனுக்குத் திருப்தி. முப்பத்தொரு வருஷத்துப் படிப்பு, வியாழக்கிழமை என்று எழுதிக்கொள்ளும் அந்தப் படிப்பு, அந்த நிமிஷம் எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் லலிதாம்பாள் சங்குமுகத்துக்குப் போகலாம் என்றாள். அப்போது அவளால் நடக்க முடிந்தது. மணலில் உட்கார்ந்தார்கள். ஐந்தே கால் இருக்கும், தொடுவானத்தில் வெள்ளையாக ஒரு சின்னப் பொட்டு வடக்கிலிருந்து தெற்கே நகர்ந்தது. "அதோ போறது பாருங்கோ, நம்ம கப்பல்" என்று காட்டினாள். அது மறைகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அடுத்த மாதம் நாம் அதில் இருந்து இங்கே பார்ப்போம் என்றார் சேஷன். அவள் தலையாட்டினாள்.

மார்ச் பத்தாம் தேதி பிரிஸில்லா போன் செய்தாள். சமையலறைச் சுவரைத் திறந்து பார்த்தால் உள்ளே குழாயெல்லாம் துருவாம். எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமாம். இருபத்து நாலாம் தேதிப் பயணம் ரத்து, ஏப்ரல் பதினெட்டுக்குத் தள்ளியிருக்கிறார்கள். சேஷன் போனை வைத்தார். எந்த ஒர்க்‌ஷாப் சொன்னதை நம்பினோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஏப்ரல் பதினெட்டும் நடக்காது என்று அவர் மனசு அடித்துச் சொன்னது. வேறு கப்பல் உண்டா என்று பிரிஸில்லாவைத் துளைத்தெடுத்தார். அந்தப் பக்கமாகப் போகிற ஒன்றும் இல்லை. மீன்பிடிப் படகிலாவது கூட்டிப் போகலாமா என்று விழிஞ்ஞத்தில் போய் விசாரித்தார். அதற்குள் லலிதாம்பாளுக்கு ஆட்டோவில் போனாலே வலி தாங்கவில்லை.

ஏப்ரலும் ரத்தாயிற்று. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய சாமான் வரவில்லையாம். அதற்கப்புறம் மழைக்காலம், அதில் இந்தக் கப்பல் ஓடாது. அக்டோபர் இருபது என்று புதுத் தேதி வந்தது. சேஷன் அதை மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மே மாதம் பதினாறாம் தேதி விடியற்காலையில், முதல் மழைக்கு முன்னால், அவள் போய்விட்டாள்.

பதின்மூன்று நாள் காரியம் முடிந்து வெங்கிடேஷ் ஊருக்குத் திரும்பிய பிறகு பிரிஸில்லா வீட்டுக்கு வந்தாள். டிக்கெட்டை ரத்து செய்யும் படிவத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். சேஷன் அதை வாங்கிப் படித்துக்கொண்டே, அவளுக்கு நல்ல சாப்பாடு கிடைக்கட்டும் என்றுதான் தேதியை மாற்றினேன் என்று யாரோ குற்றம் சாட்டியதுபோல் பேசினார். வந்தவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரிஸில்லா கொஞ்சம் தயங்கினாள். பிறகு, சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

"மாமிக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். நீங்க ஜெராக்ஸ் எடுக்கப் போன நேரத்துல எங்கிட்ட இருந்த பன்னுல பாதிய வாங்கித் தின்னாவ. அவரு கப்பல்ல பட்டினி கிடப்பாரு, மயங்கி விழுவாரு, அத வச்சுக்கிட்டு நான் எப்பிடிக் கரையப் பாக்க, அவரு சொல்லுத தேதிக்கே மாத்திக் கொடுத்திரு பிள்ளேன்னு சொன்னாவ."

சேஷன் படிவத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். பிரிஸில்லாவுக்கு அவர் அழுகிற சத்தம் கேட்டது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் சேஷனே அவள் ஆபீசுக்கு வந்தார். படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார், கையெழுத்துப் போடாமல்.

வருஷம் திரும்பவில்லை, அதற்குள் கடல் யாத்திரையா என்று தெருவில் முணுமுணுத்தார்கள். ஒரு ஆசாரத்தையும் விடாத சேஷனா இப்படி என்று நேரில் கேட்டவர்களும் உண்டு. அக்டோபர் பத்தொன்பதாம் தேதி காலை பதினோரு மணிக்கு, அடுப்பே பற்ற வைத்துப் பழகாத மனுஷர், சாதத்தைக் குழைய வடித்துப் பாலை விட்டுப் பிசைந்தார். ஒரு சொட்டு மோர் குத்தினார். முப்பத்தொரு வருஷம் தனக்கு ஆபீசுக்கு வந்த எவர்சில்வர் டப்பாவில் அடைத்துக்கொண்டு கொச்சிக்கு ரயிலேறினார்.

இந்தத் தடவை கப்பல் சொன்ன தேதியில், சொன்ன மணிக்குக் கிளம்பியது. மத்தியானம் அவரைப் பணியாள் ஒருவன் புதுச் சமையலறைப் பக்கம் அழைத்துப் போய்க் காட்டினான். எல்லாம் பளபளவென்று இருந்தது. பாத்திரங்களில் பச்சைப் புள்ளி வைத்திருந்தார்கள். சேஷன் வாசலோடு திரும்பிவிட்டார்.

ஐந்து மணிக்கு மேல்தளத்தில் போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. கரை வெகுதூரத்தில் பச்சைக் கோடாகத் தெரிந்தது. சங்குமுகம் எது, வேளி எது என்று ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் அந்தக் கோட்டில் எங்கேயோ, பிப்ரவரி மாதத்தில், இரண்டு பேர் மணலில் உட்கார்ந்து இந்தக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மடியில் இருந்த டப்பாவைத் திறந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கலந்து சரியாக முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

புளிக்கவில்லை.