ஒன்றாம் சாட்சி சிவகாமியம்மாள்

அண்ணனுக்குச் சவரம் செய்துவிடுவது வினீத்தின் வேலை. ஒருநாள் விட்டு ஒருநாள், வெந்நீர்க் கிண்ணத்தைக் கட்டிலோரம் வைத்துக்கொண்டு உட்காருவான். இடது கையால் ஸ்ரீகுமாரின் தாடையைத் தூக்கிப் பிடித்து, கழுத்துவரை நுரை பூசி, மேலிருந்து கீழே கத்தியை இழுப்பான். ஸ்ரீகுமார் கண்ணை மூடிக் கழுத்தைக் கொடுப்பான். இடது காதுக்கு மேலே முடி முளைக்காத ஒரு பள்ளம். அதை உண்டாக்கியதும் வினீத்தின் கைதான்.

அன்று துவாலையோடு வாசற்படியில் நின்றாள் சிவகாமியம்மாள்.

"எம்மா, சேலை மாத்தலியா? வக்கீல் பத்து மணிக்கே வரச் சொல்லியிருக்காரு."

"அவனுக்குக் கஞ்சி ஆரு குடுப்பா?"

"சரசம்மக்கா வருவாவ. நீ கிளம்பி இறங்கு."

சுசீந்திரத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கரமனைக்கு வந்தவள் சிவகாமியம்மாள். புருஷன் ஆறுமுகநயினாருக்குச் சாலைக் கடைவீதியில், வத்தல் மண்டியில் கணக்கெழுத்து. அவர் போனபிறகு அதே நாற்காலியில் மீசை சரியாக முளைக்காத ஸ்ரீகுமார் போய் உட்கார்ந்தான். தம்பியைப் படிக்க வைத்தான். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை, குடி ஏறியது. ஒருநாள் சாயங்காலம் அண்ணன் அவனுடைய குப்பியைப் பிடுங்கி அடுக்களைத் தொட்டியில் கவிழ்த்தான். பக்கத்தில் அம்மி இருந்தது. அம்மியின் மேல் குழவி இருந்தது.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ்காரர் கேட்டபோது சிவகாமியம்மாள் கண்டதைக் கண்டபடி சொன்னாள். சின்னவனை ஸ்டேஷனில் வைத்து ரெண்டு தட்டு தட்டி, புத்தி சொல்லி அனுப்புவார்கள் என்றுதான் நினைத்தாள். எழுதியதை வாசித்துக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டாள்.

அதன்பிறகு கேஸ் தன் காலில் நடக்கத் தொடங்கியது. வினீத் பூஜப்புரை ஜெயிலுக்குப் போனான். மூன்றாவது மனுவில்தான் ஜாமீன் கிடைத்தது. குற்றப்பத்திரிகை வந்தது. இது தன் அதிகாரத்துக்கு மேலே என்று மாஜிஸ்திரேட் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பினார். அங்கே குற்றத்தை வாசித்துக் கேட்டதும், செய்யவில்லை என்று வினீத் சொன்னான், வக்கீல் சொல்லிக் கொடுத்தபடி. பிறகு வருஷக்கணக்கில் ஒன்றுமில்லை. ஜட்ஜிக்கு மாற்றலாகும், வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணிப்பார்கள், தேதி தள்ளும்.

இடையில் ஒருநாள் அவள் ஸ்டேஷனுக்கே போய், "நான் சொன்னதைத் திருப்பித் தாங்கோ சாரே, எங்களுக்குள்ள சரியாயாச்சு" என்று கேட்டாள். எழுத்தர் சிரித்தார். "அம்மா, இது உங்க கேஸ் இல்ல. சர்க்கார் கேஸ்." வினீத்துக்காக வாதாடும் அனில் வக்கீலும் அதையே சொன்னார். "முந்நூத்தேழு, கொலை முயற்சியாக்கும். ராஜியாகிற வகுப்பில்லம்மே."

ஜாமீனில் வந்தவன் அப்புறம் குப்பியைத் தொடவில்லை. அண்ணனைப் புரட்டினான், குளிப்பாட்டினான், மலம் எடுத்தான். இத்தனை வருஷத்தில் ஸ்ரீகுமாரின் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. சிவகாமியம்மாளின் இடுப்புக்குத் தண்ணீர்க் குடமே பாரம். சின்னவன் உள்ளே போனால் பெரியவனைத் தூக்க ஆளில்லை. ஆகவே அவள் சொல்லவேண்டியது ஒன்றுதான்: குளிமுறியில் வழுக்கி விழுந்தான்.

இதையெல்லாம் அடுக்களையில், மிக்சியை ஓடவிட்டுக்கொண்டுதான் பேசினார்கள். ஸ்ரீகுமாருக்குப் பேச்சும் வலப்பக்கமும் போயிற்றே தவிர காது போகவில்லை. கஞ்சி வேணுமா என்று கேட்டால் இடது கையால் நம் கையை ஒரு அமுக்கு அமுக்குவான். வேண்டாமென்றால் உதறுவான். கேஸைப் பற்றி மட்டும் அவனிடம் ஒருவரும் கேட்டதில்லை.

"சாட்சி சொல்றவளும் பிரதியாயிட்டு நிக்கிறவனும் ஒரே ஓட்டோவில கோர்ட்டுக்குப் போறது இந்த வீட்டுல மட்டுந்தான்" என்றாள் கஞ்சி கொடுக்க வந்த பக்கத்து வீட்டுச் சரசம்மா. "வரும்போ ரெண்டாளும் வந்திருங்கோ."

வஞ்சியூர் கோர்ட்டில் அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். கேள்விகள் மலையாளத்தில்தான். அவளுக்கு அது தெரியாத பாஷையில்லை. அரசு வக்கீல் ஒரு பெண், பொறுமையான குரல். அரக்கு உடைத்த துணிப்பொட்டலத்திலிருந்து குழவியை எடுத்துக் காட்டினாள்.

"இது யாருடையது?"

"எங்க வீட்டுது. நுனியில அந்தச் சில்லு என் கையால போனது."

வாய் முந்திக்கொண்டுவிட்டது. அனில் வக்கீல் இருமினார்.

"இதால் யார் யாரை அடித்தார்கள்?"

"ஆரும் அடிக்கல்ல. குளிமுறியில வழுக்கி விழுந்தான்."

ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். "சத்தியம் பண்ணிட்டு நிக்கிறீங்க. ஓர்மை உண்டில்லையா?"

"உண்டு."

அவளைப் பிறழ்சாட்சியாக்கினார்கள். பழைய வாக்குமூலத்தை வரிவரியாக வாசித்து, இப்படிச் சொன்னீர்களா, இப்படிச் சொன்னீர்களா என்று கேட்டாள் அரசு வக்கீல். இல்லை, இல்லை என்று வந்தவளுக்கு ஒரு வரியில் நாக்கு நின்றது.

"'பெரியவன் திருப்பி அடிக்கக் கையைக்கூடத் தூக்கவில்லை. லேய், கஞ்சி குடிச்சியா என்றுதான் கேட்டுக்கொண்டு நின்றான்.' இது நீங்கள் சொன்னதுதானே?"

அப்படிச் சொன்னதையே அவள் மறந்திருந்தாள். எதிரே பிரதிக்கூண்டில் வினீத் தலை குனிந்து நின்றான். சட்டைக் கை மடிப்பில் காலையில் தெறித்த சவர நுரை வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"சொல்லல்ல" என்றாள்.

வெளியே வந்ததும் அனில் வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "இனி பேடிக்கண்டா அம்மே, பயமே வேண்டாம். விழுந்தாலும் இப்படி அடிபடலாம்னு டாக்டர் ஒரு வார்த்தை சொன்னா மதி, போதும்." வினீத் எலுமிச்சை பிழிந்த நாரங்கா வெள்ளம் வாங்கி வந்தான். தம்ளரைக் கையில் வைத்திருந்தாள், குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வினீத் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அண்ணனைத் தூக்கி விரிப்பு மாற்றினான். "அண்ணே" என்று ஆரம்பித்தான். பிறகு நனைந்த விரிப்பைச் சுருட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான்.

சிவகாமியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து ஸ்ரீகுமாரின் இடது உள்ளங்கைக்குள் தன் கையை வைத்தாள். சவரம் செய்த அவன் முகம் மழமழவென்று இருந்தது. சின்ன வயதில் இருந்த மாதிரி.

"மக்கா, நான் கோர்ட்டில பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். நீ வழுக்கி விழுந்தேன்னு." கிணற்றடியில் வாளி மோதும் சத்தம் கேட்டது. "முன்னாலயே உன்னைக் கேட்டிருக்கணும். நீ கையை உதறிருவியோன்னு பயந்துதான் கேக்கல்ல. இப்பக் கேக்கேன். உனக்குச் சம்மதந்தானா?"

ஸ்ரீகுமார் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கை அமுக்கவில்லை, உதறவுமில்லை. வெதுவெதுப்பாகச் சும்மா கிடந்தது. அவள் காத்திருந்தாள். ஒருமுறை அவன் விரல் அசைந்ததாகத் தோன்றிக் குனிந்து பார்த்தாள். அசைந்தது அவளுடைய விரல்.

கையை மெல்ல உருவிக்கொண்டு எழுந்து, இடுப்பைப் பிடித்தபடி அறையைவிட்டு வெளியே போனாள்.