தேன் பாட்டிலில் கடல்

போன மாதம் அண்ணன் வீடு மாறினான். கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாம் லாரியில் ஏறிப் போய்விட்டன. அண்ணி மட்டும் ஒரு கண்ணாடி பாட்டிலை யார் கையிலும் தராமல் மடியில் வைத்துக்கொண்டு என்னோடு ஆட்டோவில் வந்தார். ஒரு காலத்தில் குடகுத் தேன் இருந்த பாட்டில் அது. லேபிள் உரிந்துபோய் அதன் பசை மட்டும் பழுப்பாக ஒட்டியிருக்கிறது. உள்ளே இருப்பது தண்ணீர்தான், பார்த்தால் ஒன்றும் தெரியாது. பழைய வீட்டில் இத்தனை நாளும் பூஜை அலமாரியில் இருந்தது. பள்ளத்தில் ஆட்டோ குதிக்கும்போதெல்லாம் அண்ணியின் கை மூடியை அழுத்திக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டு வந்தபோது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

ரயில்வே வேலைக்காக எங்கள் குடும்பம் மைசூருக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. எங்களுக்குக் கடல் என்றால் பள்ளிச் சுற்றுலாவில் கால் நனைத்துவிட்டு வந்த இடம், அவ்வளவுதான். அண்ணி தூத்துக்குடிக்காரர். அவருடைய அப்பா உப்பளத்தில் மேற்பார்வை வேலை பார்த்தவர். கல்யாணமாகி வந்த புதிதில், பார்க்கிறவர்கள் எல்லாரும் மைசூரின் குளிர்ச்சியைப் பற்றியும் சுத்தத்தைப் பற்றியும் அண்ணியிடம் பெருமை பேசினார்கள், ஏதோ தாங்களே கட்டிய ஊர் மாதிரி. அண்ணியும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். ஒரு நாள் மட்டும் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டே என்னிடம், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. காத்துலதான் ஒரு வாசமும் இல்ல" என்றார். பக்கத்து வீட்டு மல்லிகையைக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

அப்படியிருக்க, வீட்டிலேயே ஒரு கடல் தொட்டி கட்டப் போகிறேன் என்று அண்ணி அறிவித்தபோது எங்கள் வீடே இரண்டுபட்டது. கடல் தொட்டி என்றால் தங்கமீன் நீந்தும் சாதாரணத் தொட்டி இல்லை. உப்புத் தண்ணீர், பவளம், நத்தை, இறால் என்று ஒரு துண்டுக் கடலையே உயிரோடு வைத்திருப்பது. கடையில் சொன்னால் செய்து தந்துவிட்டுப் போவார்கள். அண்ணி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை அளவு சொல்லி வெட்டி வாங்கி வந்து, செல்போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, சிலிகான் பசை வைத்துத் தானே ஒட்டினார். கீழே இன்னொரு தொட்டி. மேலிருந்து வழிகிற தண்ணீர் அதில் இறங்கிச் சுத்தமாகி மோட்டார் வழியாக மறுபடி மேலே ஏற வேண்டும். குழாய்களை அறுத்துப் பொருத்தியதும் அவர்தான். அண்ணனின் வேலை பிடி என்றால் பிடிப்பது, விடு என்றால் விடுவது. முதல் தடவை தண்ணீர் விட்டபோது மூலையில் கசிந்து ஹாலே குளமானது. இரண்டாவது தடவை கசியவில்லை, ஆனால் மோட்டார் போட்ட சத்தத்தில் யாராலும் டிவி பார்க்க முடியவில்லை. அதன் அடியில் அம்மாவின் பழைய தலையணையை மடித்து வைத்துத்தான் அதை அடக்கினார்கள்.

தண்ணீர் வந்த கதை தனி. அண்ணியின் அப்பா தூத்துக்குடியிலிருந்து ரயிலில் வந்தபோது கேன் கேனாகக் கடல் தண்ணீரைக் கொண்டு வந்து இறக்கினார். படகுக்காரர்களிடம் சொல்லி, கரையை விட்டுத் தள்ளித் தெளிவான இடத்தில் மொண்டு வரச் செய்தாராம். பெட்டியில் இருந்தவர்கள், இது எந்தக் கோயில் தீர்த்தம் என்று கேட்டிருக்கிறார்கள். "கோயில்லாம் இல்ல, வெறும் கடல்தான்னு சொன்னேன். அப்படியும் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கித் தலையில தெளிச்சுக்கிட்டாக" என்று அவர் சொல்லிச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. பவளத்தை மட்டும் அவர் கொண்டு வரவில்லை. நம் கடலிலிருந்து அதை எடுப்பது குற்றம். பெங்களூரில் இதே பைத்தியம் பிடித்த ஒரு பல் டாக்டர், தன் தொட்டியில் வளர்ந்ததிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளை நறுக்கி அண்ணிக்குத் தந்தார். செடிக்குப் பதியன் போடுவது போலத்தான் அதுவும் என்றார் அண்ணி.

அம்மா ஆரம்பத்திலிருந்தே எதிர்க்கட்சி. முட்டை கூட நுழையாத வீட்டில் மீனா என்பது அவள் கேள்வி. ஆனால் மீன் வரவே பல வாரங்கள் ஆயின. அதுவரை தொட்டியில் வெறும் கல்லும் மணலும்தான், மேலே நீல விளக்கு. வந்தவர்களிடமெல்லாம் அம்மா, "எங்க வீட்டுல கல்லுக்கு லைட்டு போட்டிருக்கோம், பாத்துட்டுப் போங்க" என்று கேலி பேசினாள். தொட்டியின் விளிம்பில் உப்புப் பூக்க ஆரம்பித்ததும், அதைத் துடைக்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். தூசு தட்டுகிறேன் என்று பேர். துடைத்து முடித்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருப்பாள். தண்ணீர் மட்டம் தினமும் இறங்குவதைப் பார்த்து, சம்பந்தி அத்தனை தூரம் சுமந்து வந்தது வீணாகிறதே என்று கவலைப்பட்டாள். அடுத்த முறை இன்னும் சில கேன்களோடு வந்த அவர், "தண்ணிதான் போவும் சம்பந்தியம்மா, உப்பு எங்கயும் போவாது" என்று சமாதானம் சொன்னார். கிளம்பும்போது அம்மா தனியாக அவரிடம் ஏதோ கேட்டு வாங்கிக்கொண்டதைப் பார்த்தேன். என்னவென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவை முழுதாக மாற்றியது ஓர் இறால். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட சின்ன இறால். தொட்டிக்குள் கையை விட்டால் மேலே ஏறி நின்று நகத்தை எல்லாம் கிளறிச் சுத்தம் செய்யும். அண்ணி செய்வதைப் பல நாள் தூர நின்று பார்த்துவிட்டு, ஒரு நாள் அம்மா வளையலைக் கழற்றி வைத்துவிட்டு விரலை நீட்டினாள். அது வந்து ஏறியதும் சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். அன்றிலிருந்து அதற்கு டாக்டரம்மா என்று பேர். காலையில் காபி குடித்ததும் டாக்டரம்மாவிடம் கை காட்டாமல் அவளுக்குப் பொழுது விடியாது.

இரண்டாவது முறை வந்துவிட்டுப் போன கொஞ்ச நாளிலேயே அண்ணியின் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்குப் பிறகு அண்ணி அந்தத் தொட்டியின் முன்னால் உட்காரும் நேரம் கூடியது. அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரை மாற்றி, கடையில் வாங்கிய உப்பைக் கரைத்துச் சேர்ப்பார். ஆனாலும் அதில் பாதிக்கு மேல் அப்பா கொண்டு வந்ததுதான் என்பது அவருக்குக் கணக்கு. அடுத்த வருஷம் தலைத் திவசத்துக்காக அவரும் அண்ணனும் தூத்துக்குடி போயிருந்தபோது இங்கே தசரா. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் அரிவாள்மணை முதல் ஸ்கூட்டர், மிக்ஸி, இன்வெர்ட்டர் வரை எதுவும் தப்பாது. தொட்டியிலும் மோட்டார் இருக்கிறதே. மருமகள் ஊரில் இல்லாத நேரத்தில் அதற்குக் குறை வைக்கலாமா என்று அம்மா கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றி, கற்பூரம் காட்டினாள். பிறகு கலசத்தில் போடுவதற்காகத் தன் கல்யாணத்திலிருந்து வைத்திருந்த ஓட்டைக் காலணாவை எடுத்துக் கண்ணில் ஒற்றி மெல்லத் தண்ணீருக்குள் விட்டாள். இத்தனை தண்ணீர் நிறைந்த ஒன்றைக் கலசமாக நினைக்காமல் வேறு என்னவாக நினைப்பாள் அவள்? நாங்கள் எல்லாரும் கும்பிட்டோம். அந்த வீட்டில் அந்தத் தொட்டிக்கு அன்றுதான் முழு இடம் கிடைத்தது.

அந்தக் காசு செம்பு கலந்தது. தினமும் காலையில் செம்புக் குடத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். செம்பை விடச் சுத்தமானது எங்களுக்குக் கிடையாது. உப்புத் தண்ணீரில் அது கரையும் என்றோ, மீன் தாங்கினாலும் இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது என்றோ எங்களில் யாருக்கும் தெரியாது. அண்ணி திரும்பி வந்தபோது பவளங்கள் எல்லாம் கூம்பிப்போயிருந்தன. நத்தைகள் கண்ணாடியை விட்டு மணலில் விழுந்து கிடந்தன. டாக்டரம்மா ஒரு கல்லின் அடியில் அசையாமல் கிடந்தது. மணலைக் கிளறிய அண்ணியின் கையில் ஓரம் பச்சை பிடித்த காசு வந்தது. அவர் அதைக் கழுவித் துடைத்து, பூஜை அலமாரியில் அதன் இடத்தில் வைத்துவிட்டார். அப்படியே விட்டிருக்கலாம். அம்மா விடவில்லை.

"அந்தக் காசாலயா இப்படி ஆய்து?" என்று நேராகவே கேட்டாள்.

அண்ணிக்குப் பொய் வராது. "ஆமா அத்தை. செம்பு இதுகளுக்கு ஆகாது. உங்களுக்குத் தெரியாதுல்லா" என்றார்.

அம்மா உட்கார்ந்துவிட்டாள். பெங்களூர் பல் டாக்டரிடம் அண்ணி போனில் பேசினார். கல்லையும் மணலையும் மாற்றி, தண்ணீரையும் மொத்தமாகக் கொட்டிவிட்டால் மிச்சம் இருக்கிற இரண்டு மூன்று பவளங்களைக் காப்பாற்றலாம், தள்ளிப் போட்டால் அதுவும் இல்லை என்றார் அவர். அண்ணி பக்கெட்டைக் கொண்டு வந்து தொட்டியின் முன்னால் வைத்தார். ரப்பர் குழாயைக் கையில் எடுத்தார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் தான் செய்வதாகச் சொன்னதற்கும் வேண்டாம் என்று தலையாட்டினார். "இது அப்பா கொண்டு வந்த தண்ணி அத்தை" என்று அம்மாவிடம்தான் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. சொல்ல வேறு யாரும் இல்லாதது போலச் சொன்னார்.

அம்மா எழுந்து பூஜை அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அந்தத் தேன் பாட்டில் இருந்தது. ஆடி அமாவாசைக்குக் கடலில் முழுக வேண்டும் என்பது அவளுக்கு வெகுநாள் ஆசை. முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் போக முடியாது. சம்பந்தியிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, அன்றைக்கு மட்டும் ஒரு கரண்டி எடுத்துக் குளிக்கிற தண்ணீரில் விட்டுக்கொண்டாளாம். எங்கள் யாருக்கும் அது தெரியாது. அதை அவள் அண்ணியின் மடியில் வைத்தாள்.

"இதுவும் உங்க அப்பா தந்ததுதான். புதுத் தண்ணி கலக்கினப்புறம் இதுல ஸ்வல்ப ஊத்து. உறை ஊத்தற மாதிரி."

அண்ணி வெகுநேரம் அழுதார். பிறகு எழுந்து குழாயைத் தொட்டிக்குள் விட்டார். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீரை அண்ணன் சுமந்து கொட்டினான். முழங்கால் வலியை மறந்து அம்மா தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டு பவளங்கள் பிழைத்தன. அவற்றிலிருந்து வளர்ந்தவைதான் இன்றைக்குத் தொட்டி முழுக்க இருக்கின்றன. ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் அண்ணி முதலில் தொட்டியிலிருந்து மொண்டு பாட்டிலை நிரப்பிப் பூஜை அலமாரியில் வைத்துவிடுவார். பழைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைக்காமல் அம்மா ஒரு நாளும் சட்டியைக் கழுவியதில்லை, அதே மாதிரி. பிறகு வந்த ஆயுத பூஜைகளில் அம்மா கண்ணாடிக்கு வெளியே குங்குமம் மட்டும் வைத்தாள். காசை அண்ணியிடமே கொடுத்துவிட்டாள். புதிதாக வந்த இறாலிடம் கை நீட்டவும் மாட்டேன் என்றாள். ஒரு நாள் அண்ணி அவள் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீருக்குள் விட்டதற்கப்புறம்தான் சரியானது. அம்மா போய் இப்போது இரண்டு ஆடி அமாவாசை கடந்துவிட்டது.

சிக்னலில் ஆட்டோ நின்றபோது டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். நடு வயதுக்காரர், நெற்றியில் விபூதி. அண்ணி மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்த பாட்டிலைப் பார்த்துவிட்டு, "தீர்த்தானா மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டார்.

அண்ணியின் அப்பா ரயிலில் சொன்ன பதில் எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. கோயில் இல்லை, வெறும் கடல்தான் என்று அண்ணியும் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஹௌது" என்றார் அண்ணி. ஆமாம் என்று.

எந்தக் கோயில் என்று கேட்டதற்கு, தூத்துக்குடி என்றார். டிரைவர் அந்தப் பேரைக் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மிச்ச வழி முழுக்கப் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினார்.