எந்தக் கட்டம் என்று சொல்லாத சிவப்பு வரி

சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஊராருக்கு ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பித் தருவதுதான் பிழைப்பு. இந்தப் படிவங்களைத் தயார் செய்கிற மேதாவிகள் மேல் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் ஒரு பெண்ணால் போனது.

முப்பது வயது இருக்கும். புருஷன் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடக்கே வேலைக்குப் போன இடத்தில் இறந்து இரண்டு வருஷம். ஒரு கல்லூரி விடுதியில் வார்டன் வேலைக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார். அன்றுதான் கடைசி நாள், சாயங்காலம் ஐந்து மணி வரைதான்.

எல்லாம் நிரப்பி அனுப்பினேன். பக்கத்தின் உச்சியில் சிவப்பாக ஒரு வரி வந்தது: ‘சரியான விவரங்களை உள்ளிடவும்.’ எந்த விவரம்? முப்பது கட்டம் இருக்கிறதே. தப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்ததற்கு அது எங்கே என்றும் தெரியும்தானே. சொல்ல மனசில்லை. போதாததற்கு, ஏற்றிவைத்த போட்டோவையும் கையெழுத்தையும் துடைத்துவிட்டது. ஐந்து தடவை இப்படி.

உதவி எண்ணைக் கூப்பிட்டேன். சிவப்பில் வருவதைப் படித்து அதன்படி செய்யுங்கள் என்றார் அந்த ஆள். அதில் ஒன்றுமே இல்லையே என்றேன். அப்படியானால் தப்பு உங்கள் பக்கம்தான் என்று வைத்துவிட்டார்.

அந்தப் பெண் சர்டிபிகேட்டுகளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “எம்மேலதான் தப்புங்களாண்ணா? பன்னெண்டாவதுல மார்க் கம்மிதானுங்க” என்றார். எவனோ அரைகுறையாகச் செய்த வேலைக்கு இவர் தன் மார்க்கை நொந்துகொள்கிறார்.

நாலரை மணிக்கு ஒவ்வொரு பதிலாக மாற்றிப் பார்த்தேன். திருமண நிலையில் ‘விதவை’யை எடுத்துவிட்டு ‘திருமணமானவர்’ என்று வைத்ததும் கீழே புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. கணவர் பெயர். சுற்றிலும் சிவப்புக் கோடு, அடியில் ‘கட்டாயம்’. விதவை என்றால் அந்தக் கட்டத்தை மறைத்திருக்கிறார்கள். மறைத்துவிட்டு அதை நிரப்பவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

பெயரைச் சொல்லச் சொன்னேன். அவர் தானே அடிப்பதாகச் சொல்லி, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். நான் மறுபடி ‘விதவை’ என்று மாற்றினேன். கட்டம் மறைந்தது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

“ரெண்டு நிமிசம் உசுரோட இருந்தாருங்க” என்றார். நான் பிரிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேலை அவருக்குத்தான் கிடைத்தது. நான் இந்தக் கோளாறை விளக்கி விரிவாக ஒரு புகார் அனுப்பினேன். ‘தங்கள் குறை தீர்க்கப்பட்டது’ என்று மறுநாளே பதில் வந்தது. இந்த வருஷம் அதே படிவத்தைத் திறந்தேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. புருஷனை இழந்து வருகிறவர்களுக்கு முதலில் ‘திருமணமானவர்’ என்றுதான் போடுகிறேன். ஏன் என்று கேட்டால், இதைச் செய்தவனுக்கு அவ்வளவுதான் அறிவு என்கிறேன்.