கரடி எங்கள் வீட்டுக்கு வந்த சனிக்கிழமை

கடக்... கடக்... கடக்...

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல் மாரியப்ப அண்ணாச்சியின் தறிக்கூடம். விசைத்தறி ஓடினால் அடுக்களையில் டம்ளர் ஆடும். பழகிப்போன எங்கள் காதில் அது விழாது. ஹெட்செட் மைக்குக்கு மட்டும் நன்றாக விழும்.

"டேய் எறும்பு, உங்க ஊட்டுக்குள்ள ரயிலாடா ஓடுது?" என்று தினமும் கேட்பான் கரடி.

எறும்பு நான்தான். கேமில் என் பெயர். கரடி ஈரோட்டுக்காரன். மின்னல் சென்னை. கொரோனா சமயத்தில் போனில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடப்போய் ஒட்டிக்கொண்ட மூன்று பேர் டீம். காலேஜ் அரியர் முதல் காதல் தோல்வி வரை எல்லாம் பேசியாயிற்று. முகம் மட்டும் பார்த்ததில்லை.

ஊரடங்கெல்லாம் முடிந்தபின் ஒரு வார இறுதிக்கு இரண்டு பேரையும் வீட்டுக்கு அழைத்தேன். அப்பாவிடம் சொன்னபோதுதான் சிக்கல்.

"சேக்காளி வாரானா? பேரு என்னடே?"

"கரடி."

"அப்பன் ஆத்தா வச்ச பேரக் கேட்டேன்."

முழித்தேன். "தெரியலப்பா..."

"பேரு தெரியாதவன் என்னடே சேக்காளி? சரி, வரட்டும். பாக்கேன்."

வீட்டுக்கு யார் வந்தாலும் பிரியாணி வாங்கப் பையைத் தூக்குகிற மனிதர், அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இவர்கள் என் சேக்காளிகள்தான், நிஜமான நண்பர்கள்தான் என்று அவர் முன்னால் காட்டியே தீர வேண்டும்.

சனிக்கிழமை காலை கரடி வந்தான். தறிச் சத்தத்தை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தானாம். எங்கள் ஊரில் பாதி வீட்டில் அந்தச் சத்தம்தான். நாலு கதவைத் தப்பாகத் தட்டிவிட்டு வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றான்.

ஆள் என்னவோ வாட்டசாட்டம்தான். குரல்தான் வெளியே வரவில்லை.

"நல்லா இருக்கீங்களாங்க?" என்றான்.

என்னையா?!

பின்னாலேயே மின்னல் வந்து, "ஹாய் ப்ரோ" என்று கை கொடுத்தான். ஏதோ இன்டர்வியூவுக்கு வந்தவன் மாதிரி.

ஹாலில் பாய் விரித்து, தோளோடு தோள் உரச மூன்று பேரும் உட்கார்ந்து கேமைத் தொடங்கினோம். எதிரே அப்பா, பேப்பரை விரித்துக்கொண்டு... பக்கத்தைத் திருப்பவே இல்லை.

வழக்கமாக, "குருட்டு எறும்பு! பின்னாடிடா, பின்னாடி!" என்று காது கிழியக் கத்துகிறவன் கரடி. அன்றைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்.

"எறும்பு... உங்களுக்குப் பின்னாடி ஒருத்தர் வர்றாருங்க."

அவன் சொல்லி முடிப்பதற்குள் அந்த ஒருத்தர் என்னைச் சுட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். போனைக் கீழே வைத்தால் அதைவிட மோசம்.

"அப்புறம்?"

"நீங்கதான் சொல்லணும்..."

ஞாயிற்றுக்கிழமை வரை இருப்பதாகச் சொல்லி வந்த கரடி, மத்தியானமே மெதுவாகக் கேட்டான். "மதுரைக்கு அடுத்த பஸ் எப்பங்க?"

பேப்பருக்குப் பின்னால் ஒரு செருமல்.

அந்த நேரத்தில் மின்னலின் போனில் சார்ஜ் தீர்ந்தது. ஹாலில் பிளக் சரியில்லை. அடுக்களையில் மிக்ஸி பக்கத்தில் சொருகிவிட்டு, அங்கேயே நின்று ஹெட்செட்டை மாட்டினான். அடுத்த நிமிஷம் என் காதுக்குள்...

"மச்சி! உங்க அம்மா பஜ்ஜி போடுறாங்கடா! வாழக்கா பஜ்ஜி!"

அதுதான்டா மின்னல்!

கரடி என்னைப் பார்த்தான். எழுந்து மொட்டைமாடிக்கு ஏறினான். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"டேய் எறும்புப் பயலே, கேக்குதாடா?"

"கேக்குதுல மூதி!"

அதற்கப்புறம் ரணகளம்தான். அடுக்களையில் ஒருத்தன், மாடியில் ஒருத்தன், அறையில் ஒருத்தன். ஆடிய ஆட்டமெல்லாம் ஜெயித்தோம்.

"ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு போன்ல பேசுதானுவ. இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தானுவ?" என்று அம்மா புலம்பியதும் மின்னலின் மைக்கில் கேட்டது.

திடீரென்று தறி நின்றது.

மாடியிலிருந்து கரடி, "விழுந்துட்டேன்டா! வந்து தூக்குங்கடா!" என்று போட்ட கூச்சல் தறிச் சத்தத்தையும் தாண்டிப் போயிருக்கிறது. மாரியப்ப அண்ணாச்சி கையில் செம்புத் தண்ணீரோடு எங்கள் படியேறி ஓடினார். பின்னால் அப்பா. அதற்கும் பின்னால் நான்.

மேலே கரடி தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு, தூக்க வராத என்னை வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"ஒண்ணுமில்லீங்கப்பா. கேம்ல விழுந்துட்டனுங்க. டீம்ல ஒருத்தர் வந்து தூக்குனாத்தான் உசுரு வருமுங்க. இவருதான் தூக்க வரலீங்க."

"ஒருத்தனும் சாகலைன்னா நான் போயி தறிய ஓட்டுதேன்" என்று அண்ணாச்சி இறங்கிப் போனார்.

அப்பா கரடியைப் பார்த்தார். அப்புறம் என்னை.

"இம்புட்டுக் கேவலமா வையுதான்னா சேக்காளிதான்டே."

சொல்லிவிட்டு, பிரியாணிக் கடைக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கரடி அதற்குப் பிறகு பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை.

இப்போது எனக்குச் சென்னையில் வேலை. பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறதா என்றே தெரியாத அமைதியான பிளாட். மூன்று பேர் உட்காரத் தோதாகப் பெரிய சோபா. போன மாதம் இரண்டு பேரும் வந்திருந்தார்கள்.

"அப்புறம்?"

"போகுதுங்க..."

டீ ஆறிப்போனது. கரடி எழுந்து பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினான். என் போன் அடித்தது. மின்னலும் தன் போனோடு அடுக்களைக்குப் போய் லைனில் சேர்ந்துகொண்டான்.

"டேய் எறும்பு... கேக்குதாடா?"

"கேக்குதுல. சொல்லு."

"வேலை போயிருச்சுடா. ஊட்டுல இன்னும் சொல்லல." கொஞ்சம் சிரித்தான். "விழுந்துட்டேன்டா... வந்து தூக்குங்கடா."

அன்றைக்கு ஒரு விளையாட்டுக்கு அண்ணாச்சி தறியையே நிறுத்திவிட்டு ஓடி வந்தார். இங்கே எதிர் பால்கனியில் நின்றவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எழுந்து ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் போனால் மறுபடியும் 'ங்க' போட ஆரம்பித்துவிடுவான். அதனால் கண்ணாடி வழியே அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு சோபாவிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"அங்கனயே கெடலே. நாங்க ரெண்டு பேரும் வாரோம்" என்றேன் போனில்.