முப்பதாம் நம்பர் மெட்டு

பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு, என் நைனா அமெரிக்கப் பாட்டில்தான் சட்னி கேட்டார். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் எனக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று பார்க்கிறார்கள். எங்கள் ஊர் நகரியில் சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. "எந்த நம்பரு?" என்று மட்டும் கேட்பார்கள்.

நைனா நகரியில் பேண்டு செட் வைத்திருந்தவர். கிளாரினெட் வாசிப்பார். தன் கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை சென்னை பர்மா பஜாருக்குப் போய் ஒரு சின்ன ஜப்பான் கீபோர்டு வாங்கி வந்தார். அவருக்குக் கீபோர்டு வாசிப்பு கடைசிவரை வரவில்லை. ஆனால் அந்தப் பெட்டியில் பொத்தானை அமுக்கினால் தானாகவே பாடுகிற மெட்டுகள் இருந்தன. எதற்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். அட்டைப்பெட்டியின் மேல் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் குதிரை வண்டியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து அமெரிக்காவில் எல்லோருக்கும் பிடித்த மெட்டுகள் என்று அதில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. போஸ்ட் ஆபீசில் இருந்த ஒருவர் அதைப் படித்துச் சொன்னாராம். அமெரிக்காவைப் பற்றி எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நைனா எல்லா மெட்டையும் கிளாரினெட்டில் பிடித்துவிட்டார். அதோடு விட்டாரா? கல்யாணத்தில் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு நம்பரை ஒதுக்கினார். குதிரை ஓடுகிற மாதிரி போகும் ஆறாம் நம்பர் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு. துள்ளிக்கொண்டு போகும் பதினொன்று பந்திக்கு. மூச்சு வாங்க வைக்கும் இருபத்திரண்டு, தாலி கட்டும் நேரத்துக்கு. கல்யாணம் முடிந்து பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் ஒப்படைத்து அனுப்புவதை எங்கள் பக்கம் தெலுங்கில் அப்பகிந்தலு என்போம். அதற்கு முப்பது. கேட்டால் கல்லும் கரையும்.

"அந்தப் பாட்டுக்கெல்லாம் இன்னா அர்த்தம் நைனா?" என்று நான் ஸ்கூல் படிக்கிற காலத்தில் கேட்டிருக்கிறேன்.

"நாம இன்னா வெச்சிக்கினமோ அதான் அர்த்தம்" என்றார். அந்த முப்பதாம் நம்பர் அங்கே மாட்டுச் சந்தைப் பாட்டாகக்கூட இருக்கலாம். எங்கள் ஊரில் அதைக் கேட்டு அழாத பெண்ணைப் பெற்றவர்கள் கிடையாது.

மற்ற செட்டுக்காரர்களும் வேறு வழியில்லாமல் அதே நம்பர்களைக் கற்றுக்கொண்டார்கள். ஒரு கல்யாணத்தில் டிஜே வைத்தார்கள். சாப்பாடு தயார் என்று மைக்கில் கத்திக் கத்திச் சொன்னார்கள். பதினொன்று வாசிக்கவில்லை என்பதால் ஒருவரும் பந்திக்கு எழுந்து போகவில்லை. கடைசியில் சமையல்காரரே கரண்டியோடு வெளியே வந்து பதினொன்றை விசில் அடித்தார். கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது.

என் கல்யாணத்துக்கும் நைனாதான் வாசித்தார். பெண்ணைப் பெற்றவன் வாசிக்கக் கூடாது என்று அம்மா சண்டை போட்டாள். "எம் பொண்ணுக்கு எவனோ வாசிப்பானா?" என்றார் நைனா. அப்பகிந்தலு நேரம் வந்தது. என் கையை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் வைத்துவிட்டு, வேஷ்டியில் கையைத் துடைத்துக்கொண்டு கிளாரினெட்டை எடுத்தார். முப்பதை ஆரம்பித்தால் பெண் ஏறின வண்டி தெருமுனை திரும்பும் வரை நிறுத்தக் கூடாது. அது அவர் வைத்த சட்டம்.

நான் அழுதுகொண்டே வேனில் ஏறினேன். வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. டிரைவர் இறங்கினார், பானட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். நைனா வாசித்துக்கொண்டே இருந்தார். முதலில் தெருவே அழுதது. பிறகு அழுகை வற்றிப்போய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. மெக்கானிக்கைக் கூட்டிவர ஆள் போனது. டீ வந்தது. வேனுக்குள் எனக்கும் ஒரு டீ கொடுத்தார்கள். கண் மை மூக்கில் வழிய அதைக் குடித்தேன். நைனாவுக்கு உதடு வீங்கிவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. எப்போதடா இந்த மனுஷன் நிறுத்துவார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மானம் போகிறதே என்று மாப்பிள்ளை வீட்டாரே இறங்கி வேனைத் தள்ளினார்கள். முனை திரும்பியதும்தான் மெட்டு நின்றது.

அதன் பிறகு நான் திருப்பதிக்காரி ஆகிவிட்டேன். அலிபிரி பக்கம் வாடகை வீடு. என் வீட்டுக்காரருக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும்.

நைனாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டபோது திருப்பதியில்தான் சேர்த்தோம். கண் விழித்ததும் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை வரவில்லை. நான் அழ ஆரம்பிக்கும்போது, தெளிவாக, சுதி பிசகாமல், பதினொன்றாம் நம்பரை முனகினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா பதறவில்லை. "பசிக்குதாண்டி. கஞ்சி எட்தா" என்றாள்.

"மாட்டலு ராவு, பாட்டலு வஸ்தாயி" என்றார் டாக்டர். வார்த்தைதான் வராது, பாட்டு வரும். பேச்சு இருக்கிற அறை பூட்டிக்கொண்டது, பாட்டு இருக்கிற அறை திறந்திருக்கிறது என்று விளக்கினார். சிலருக்கு இப்படி ஆகுமாம். பாட்டு என்றால் கீர்த்தனை, சினிமாப் பாட்டு என்று எதிர்பார்த்திருப்பார் போல. நைனா முனகியதைக் கேட்டதும் குழம்பிப்போய், "இவரு அமெரிக்கால இருந்தாரா?" என்று கேட்டார்.

எங்களுக்குக் குழப்பமே இல்லை. ஆறாம் நம்பர் என்றால் யாரோ பார்க்க வருகிறார்கள். பதினொன்று என்றால் பசி. இருபத்திரண்டு என்றால் அவசரம், பெட்பேனை எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். அந்த வார்டில் நகரிப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி இருந்தாள். இருபத்திரண்டு கேட்ட உடனே, "அக்கா, முகூர்த்தம்! முகூர்த்தம்!" என்று கத்திக்கொண்டே ஓடி வருவாள். புதிதாக வந்த நோயாளிகள் எங்கே மணமக்கள் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

நகரிக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று நானும் கூட வந்தேன். வாரம் நீண்டுகொண்டே போனது. அம்மாவால் தனியாகத் தூக்க முடியாது. தம்பிக்கு வீட்டை ஒட்டியே பவர்லூம், தறியை விட்டு நகர முடியாது. வீட்டுக்காரர் தினமும் போனில் வீடியோவில் வருவார். ஒருநாள் கம்பெனி பஸ்சிலிருந்து பேசினார். முகத்தில் தாடி, சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தது.

"நாஷ்டா துன்னீங்களா?" என்றேன்.

பன்னைத் தூக்கிக் காட்டினார். கட்டிலில் இருந்த நைனாவும் எட்டிப் பார்த்து இடது கையை ஆட்டினார். அன்று மத்தியானம்தான் முதன்முதலாக முப்பதாம் நம்பரை முனகினார்.

அம்மாவின் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. நான் நைனாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு மெதுவாக, இழுத்து இழுத்து, முழு மெட்டையும் முனகி முடித்தார். சாயந்திரம் மறுபடி. மறுநாள் எழுந்ததும் மறுபடி.

"நைனா, இன்னா வோணும் ஒனக்கு?" என்று கேட்டேன். பதிலுக்கு முப்பது.

புத்தலப்பட்டிலிருந்து அத்தை வந்தாள். நைனாவின் தங்கை. வாசற்படியில் நின்று ஒரு வரி கேட்டாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எங்க அண்ணன் கெளம்பிட்டாரு. பொண்ணு மாமியார் வூட்டுக்குப் போறா மாதிரி அவரு உசுரு சாமி வூட்டுக்குப் போவுது. அதத்தான் சொல்லிக்கினு கீறாரு."

எல்லோரும் அதை நம்பிவிட்டோம். முப்பதுக்கு வேறு அர்த்தமே எங்கள் ஊரில் கிடையாது. கிளம்புகிறவர்களுக்கு வாசிக்கும் மெட்டு அது. அவரிடம் சொல்லவேண்டியது எவ்வளவோ இருந்தது. ஒன்றும் வாயில் வராமல் போர்வையைச் சரி செய்துகொண்டே இருந்தேன். பேச்சு போனது அவருக்கா எனக்கா என்றிருந்தது.

அதற்குப் பிறகு வீடு கல்யாண வீடு ஆகிவிட்டது. தம்பி மரியாதைக்காகத் தறிகளை நிறுத்தினான். சத்தம் நின்றதும் நைனாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தெருவே ஓடி வந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார்கள். சிலர் கேட்ட மன்னிப்புகளால் அங்கேயே புதுச் சண்டை கிளம்பியது. திருமலையிலிருந்து தீர்த்தம் வந்தது. அத்தை அதை ஸ்பூனில் கொடுக்க, நைனா குடித்துவிட்டுப் பதினொன்றாம் நம்பரை முனகினார். நாலு இட்லி சாப்பிட்டார், வடை இருக்கிறதா என்று தட்டைப் பார்த்தார்.

"உசுரு போவும்போது பசியெடுக்கும்" என்றாள் அத்தை.

பழைய செட்டு ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஒரு தலைபோகிற பிரச்சினை. நைனா சாவுக்கு வாசித்ததே இல்லை, அதனால் சாவுக்கென்று நம்பரும் கிடையாது. மாஸ்டர் போகும்போது எதை வாசிப்பது? ஆறு வாசிக்கலாம், அதுவும் ஊர்வலம்தானே என்றார் டிரம்காரர். சாவுக்கு மாப்பிள்ளை ஊர்வலம் வாசித்தால் செருப்படி விழும் என்றார் டிரம்பெட்காரர். பதினேழு என்று ஒன்று யாரும் தொடாமல் கிடக்கிறதே என்று தெருவில் நின்று வாசித்துப் பார்த்தார்கள். நைனா ஜன்னல் வழியாகக் கேட்டார். முகம் சுளித்தார். இடது கை விரலால் கட்டில் சட்டத்தில் சரியான தாளத்தைத் தட்டிக் காட்டினார். டிரம்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செரி மாஸ்டர்" என்று திருத்தி வாசித்தார். தன் சாவு மேளத்துக்குத் தானே ஒத்திகை நடத்திய மனுஷன் இந்த ஜில்லாவில் என் நைனா ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, கடைசியாக ஒருமுறை வந்து பார்த்துவிடுங்கள் என்று அழுதேன். லீவு போட்டுவிட்டு வந்தார். வாசலில் அவர் தலை தெரிந்ததும் நைனா ஆறாம் நம்பரை முனகினார். மாப்பிள்ளை வருகிற மெட்டு. ஆஸ்பத்திரியில் யார் வந்தாலும் அதை முனகியவர், வீட்டுக்கு வந்த இத்தனை கூட்டத்தில் ஒருவருக்கும் ஆறு முனகவில்லை. வீட்டுக்காரர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். நைனா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். இழுத்தார். என் கையைக் கொண்டுபோய் வீட்டுக்காரரின் கையில் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்தினார். அப்புறம் முப்பதை ஆரம்பித்தார்.

அத்தை ஓவென்று ஒப்பாரியை எடுத்துவிட்டாள். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். வெளியே அவசரமாகப் பதினேழு ஆரம்பித்தது. நைனா முனகலை நிறுத்தாமலே, இவ்வளவு நாள் இல்லாத பலத்தோடு எங்கள் இரண்டு பேர் கையையும் சேர்த்து வாசல் பக்கம் தள்ளினார். நாங்கள் நகரவில்லை. மறுபடி தள்ளினார். மூலையில் இருந்த என் பையைக் காட்டினார். வீட்டுக்காரரின் தாடியைக் காட்டினார். மாறிப் போட்டிருந்த பட்டனைக் காட்டினார். அன்றைக்கும் மாறித்தான் போட்டிருந்தது. பிறகு வாசலைக் காட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு முப்பதை முதலிலிருந்து முனகினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கிளம்பவில்லை. என்னைக் கிளம்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை நாளாகச் சொல்கிறேன், மாப்பிள்ளை பன்னைத் தின்றுகொண்டு திரிகிறார், நீ உன் வீட்டுக்குப் போ என்று. நாங்கள் ஊரைக் கூட்டி அவரை வழியனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

நான் சொன்னதும் ஒப்பாரி நடுவிலேயே நின்றது. அத்தை மூக்கைச் சிந்திவிட்டு, "அப்போ சாவல்லியா?" என்றாள். குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. நைனா அவளைப் பார்த்துப் பதினொன்றை முனகினார். அம்மாவுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை, தோசைக்கல்லைப் போட உள்ளே போனாள். தம்பி போய்த் தறிகளை ஓட்டிவிட்டான். நைனாவைத் தூக்கி உட்கார வைக்கப் பகலில் ஓர் ஆள் ஏற்பாடு செய்வது என்று அப்போதே பேசி முடித்தோம். நான் பையை எடுத்து வைத்தேன்.

பஸ் ஸ்டாண்டு போக ஆட்டோ வந்தது. நைனாவை நாற்காலியோடு வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். நான் அவர் காலைத் தொட்டு, "போயிட்டு வரேன் நைனா" என்றேன். தலையை ஆட்டினார். ஆட்டோவில் ஏறி வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நைனா முப்பதை ஆரம்பித்தார். கிளாரினெட் இல்லை, பாதி வாய் கோணியிருந்தது, ஆனாலும் மெட்டு அப்படியே இருந்தது. அவர் சட்டப்படி வண்டி முனை திரும்பும் வரை நிறுத்த மாட்டார்.

டிரைவர் சாவியைத் திருப்பினார். வண்டி உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

"நிறுத்துண்ணா" என்றேன்.

"ஏம்மா, இன்னா மறந்துட்ட?"

"ஒண்ணும் மறக்கல. ஸ்டார்ட் ஆவலன்னு எறங்கி எதனா பார்த்துக்கினு இரு. கொஞ்ச நேரம்."

அவர் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். நகரிக்காரர்தான். இன்ஜினை நிறுத்தி இறங்கி, பின்பக்கம் போய்க் குனிந்துகொண்டார். வாசலில் நைனா மெட்டை முடித்துவிட்டு எங்கள் வண்டியைப் பார்த்தார். வண்டி நின்றுகொண்டிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.