முழங்கையில் வெள்ளித் தடம்

அந்தச் சட்டப் பேராசிரியை காலமானார் என்று கேள்விப்பட்டதும், என் கை தானாக முழங்கையைத் தடவிப் பார்த்தது.

சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். விபத்தில் மூன்று விரல்களை இழந்த மாரியம்மாளை, "இனிமே இங்கன ஒனக்கு வேலை சரிப்படாதும்மா" என்று திருப்பி அனுப்பியவன் நான்தான். அவளையும் கூட்டிக்கொண்டு நியாயம் கேட்க வந்தார் பேராசிரியை. மாற்றுத்திறனாளிகளுக்காக வழக்காடுகிறவர், அவருக்கும் பார்வை கிடையாது.

இரக்கப்பட்டு, அவர் மணிக்கட்டைப் பற்றி நடத்தினேன்.

"இழுக்காதீக. உங்க முழங்கையக் குடுங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்," என்றார்.

தீப்பொறி வராமலிருக்க எல்லோரும் தொடும் செப்புத் தகட்டை அவரும் தொட்டுவிட்டு, வெறுங்காலோடு உள்ளே வந்தார். அலுமினியப் பவுடர் படிந்த பெண்கள் வெயிலில் வெள்ளிச் சிலைகளாக மின்னினார்கள். ஒவ்வொருத்தி கையையும் பிடித்துப் பேசினார். மறுபடி என் முழங்கையைப் பற்றினார். கனவுக்குள் நடப்பதுபோல் நடந்தோம்.

பெட்டி ஒட்டும் கூடத்தில் நின்று, "மாரியம்மாகிட்ட முடியுமான்னு கேட்டீகளா?" என்றார்.

நான் கேட்கவே இல்லை.

மாரியம்மாள் உட்கார்ந்தாள். மிச்ச விரல்களால் அட்டையை மடித்து, உள்ளங்கையால் நீவி, ஒரு பெட்டியை ஒட்டி என் முன்னால் வைத்தாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே காட்டியிருப்பேன்ல, அண்ணாச்சி."

மறுநாள் அவள் வேலைக்கு வந்துவிட்டாள்.

பேராசிரியை வந்துபோன அன்று இரவு சட்டையைக் கழற்றியபோது, அதன் முழங்கைப் பக்கத்தில் ஐந்து விரல்களின் வெள்ளித் தடம் இருந்தது. அது எப்போதோ சலவையில் போய்விட்டது. ஆனாலும் யாராவது வேலை கேட்டு வாசலில் நின்றால், முழங்கையை யாரோ தொடுவதுபோல் இருக்கிறது. "முடியாது" என்று சொல்லவந்த வாய், "என்ன வேலை செய்வீக?" என்று கேட்கிறது.