பஞ்சவர்ணம் பள்ளிக்கூடம் போன நாள்

துபாய் சத்வாவில் ஏசி மெக்கானிக் ஒருத்தன் ரூமுக்குள் முதலைக்குட்டி வளர்க்கிறானாம். வெள்ளிக்கிழமை பச்சையாக இருக்குமாம், சனிக்கிழமை கறுத்துவிடுமாம். ஒற்றைக் கண்ணால் யாரையாவது பார்த்துவிட்டால் பார்க்கப்பட்டவருக்கு மூன்று நாள் காய்ச்சலாம். தையற்கடைக்கு வந்த யாரோ சொன்னதாக, ரவிக்கை வாங்கப் போன ஷியாமளா டீச்சரிடம் தையற்காரர் சொன்னார்.

ஷியாமளா, துபாயில் இந்தியப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுப்பவர். மெட்ராஸில் விலங்கியல் படித்தவர். முதலை நிறம் மாறாது என்கிற அளவுக்காவது அவருக்குத் தெரியும். மறுநாள் சாயங்காலமே விசாரித்துக்கொண்டு ஒர்க்ஷாப் வாசலில் வந்து நின்றார்.

"இங்க முதலை வளர்க்கறது யாரு?"

வேலுச்சாமியின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் கால்மேல் விழுந்தது. முனிசிபாலிட்டியில் யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் சேலை கட்டிய முனிசிபாலிட்டியை அவன் அதுவரை பார்த்ததில்லை.

"முதலையெல்லாம் இல்லீங்க. பச்சோந்திதான், ரெண்டு. யாரையும் ஒண்ணும் செய்யாதுங்க."

வேலுச்சாமிக்கு ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். பம்பாயில் ஃபிரிட்ஜ் வேலை கற்றுக்கொண்டு எழுபத்து மூன்றில் துபாய் வந்தவன். காது அவனுக்குச் சொத்து. ஏசி முனகுவதை வாசலில் நின்று கேட்டே, கம்ப்ரசர் போய்விட்டதா, ஃபேன்தான் உரசுகிறதா என்று சொல்லிவிடுவான். ஒருமுறை, படகுகள் வந்து நிற்கும் க்ரீக் ஓரத்தில் டீக்கடை வைத்திருந்த ஏமன்காரர் ஒருவரின் ஃபிரிட்ஜோடு முழுநாள் மல்லுக்கட்டி அதற்கு உயிர் கொடுத்தான். அவர் சந்தோஷத்தில் ஓலைக்கூடை ஒன்றை நீட்டி, "ஊரிலிருந்து லாஞ்சில் வந்தது, உனக்குத்தான்" என்றார். பேரீச்சம்பழம் என்று நினைத்து ரூமுக்குக் கொண்டுவந்து திறந்தால், உள்ளே நாலு கண்ணும் நாலு திக்கில் சுழன்றுகொண்டிருந்தன. திருப்பிக் கொடுக்கப் போனபோது கடை பூட்டிக் கிடந்தது. மனுஷர் ஊருக்கே போய்விட்டிருந்தார்.

கூடைக்குள் இரண்டும் கரிக்கட்டையாகக் கறுத்துக் கிடந்தன. செத்துவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். என்ன தோன்றியதோ, வேலுச்சாமி ஒன்றைத் தூக்கி ஜன்னல் பக்கமும் இன்னொன்றை அலமாரிக்கு அந்தப் பக்கமும் வைத்தான். பொழுது சாய்வதற்குள் இரண்டும் வெற்றிலைப் பச்சைக்கு வந்துவிட்டன. சத்தத்தை வைத்து மெஷினின் கோளாறைச் சொல்கிறவன், அன்றிலிருந்து நிறத்தை வைத்து அவற்றின் மனசைப் படிக்கப் பழகினான். பச்சை என்றால் நிம்மதி. விலாவில் கறுப்புப் பட்டை எழும்பினால் பயம்.

கிண்ணத்துத் தண்ணீரை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏசியிலிருந்து செம்பருத்திச் செடிமேல் சொட்டிய தண்ணீரை ஒருநாள் அவை நக்குவதைப் பார்த்தான். உடனே பால்பவுடர் டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டுச் செடிக்கு மேலே கட்டித் தொங்கவிட்டான். பழைய ஃபிரிட்ஜுகளின் கம்பித் தட்டுகள் கூண்டாயின. நடுவே ஒரு அட்டைத் தடுப்பு.

அதே ஒர்க்ஷாப்பில் பிக்கப் ஓட்டும் கலீலுர் ரஹ்மான்தான் அவனுக்கு ரூம்காரன். கீழக்கரைக்காரன், வாய் சும்மா இருக்காது.

"வேலியில போன ஓணானைப் புடிச்சு வேட்டிக்குள்ள விட்டவனைக் கதையிலதான் கேட்டிருக்கேன். இப்ப அவன்கூடவே ரூம்ல குடியிருக்கேன்" என்பான்.

பேர் வைத்ததும் அவன்தான். உச்சாணிக் கிளையில் தலைப்பாகை மாதிரி கொண்டையோடு உட்கார்ந்து, ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் கண்ணை உருட்டிப் பார்க்கிற ஆணுக்கு 'கஃபீல்', விசா கொடுக்கிற அரபி முதலாளியைச் சொல்லும் பேர். பெண்ணுக்கு 'பஞ்சவர்ணம்'. அது வேலுச்சாமியின் பெண்டாட்டி பேர். மாதம் தவறாமல் வரும் கடித உறையின் பின்னால் பார்த்து வைத்தது. வேலுச்சாமி இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே, "பஞ்சவர்ணம் வெட்டுக்கிளி தின்னுச்சா மச்சான்?" என்று கேட்டுவிட்டான்.

ஒர்க்ஷாப்புக்குப் பின்னாலிருந்த ரூமில், ஷியாமளா கூண்டுகளை எட்ட நின்றே பார்த்தார். கிட்டப் போகவில்லை, விரலை நீட்டவில்லை. வேலுச்சாமிக்கு அது பிடித்திருந்தது.

"என் கிளாஸ் பசங்க இதைப் படத்துலதான் பாத்திருக்காங்க. ஒரு நாள் கொண்டுவர முடியுமா?"

"கொண்டாரலாம் டீச்சர். ஆனா ஒண்ணு கேப்பேன்."

கேட்டான். டிசம்பர் இரண்டாம் தேதி அவனுக்கு லீவு, இரண்டு மாதம். மூன்று வருஷமாக ஊர் போகவில்லை. போன தடவை கிடைத்த லீவை, இவற்றை யாரிடம் விடுவது என்று தெரியாமல், ஊருக்கு 'டூட்டி டைட்' என்று எழுதிப்போட்டுத் தள்ளிவைத்தவன். மகளுக்கு இரண்டரை வயது. அவளுக்கு அப்பா என்றால் சுவரில் மாட்டிய போட்டோ. இந்தத் தடவையும் போகாவிட்டால் பஞ்சவர்ணம் கடிதம் போடமாட்டாள், நேரே வந்துவிடுவாள். கலீலுக்கோ மாதத்தில் பாதி நாள் அபுதாபி சைட்டில் வேலை. மணலில் விட்டுவிடு என்கிறார்கள். மலையும் பச்சையுமாக இருந்த இடத்திலிருந்து வந்தவை மணலில் எத்தனை நாள் தாங்கும்?

"உங்க சயின்ஸ் ரூம்ல ரெண்டு மாசம் வச்சுக்கிட்டா, நான் நிம்மதியா பிளேன் ஏறுவேன்."

"எனக்குச் சம்மதம். ஹெட்மாஸ்டர் சம்மதிக்கணுமே? அவர் வந்து பாக்கட்டும். அன்னிக்கு எல்லாம் நல்லபடியா நடந்தா நானே பேசறேன்."

"நடக்கணும்னா நான் சொல்றபடி செய்யணுங்க. முதல் பீரியட்லயே வந்துருவேன். ஒரு மணி நேரம் முந்தியே ஏசியை ஆஃப் பண்ணிருங்க, குளிர்காத்து அடிச்சா ஆகாது. கூண்டு ரெண்டையும் அலமாரிமேல வைக்கணும், புள்ளைக தலைக்கு மேல. யாராச்சும் மேலேருந்து குனிஞ்சு பாத்தா, கழுகு வந்துருச்சுன்னு பயந்துரும். தொடக் கூடாது. ஒண்ணை ஒண்ணு பாத்துக்கவும் கூடாது. அரை மணி நேரம், அப்புறம் கலாஸ்."

"ஏன் பாத்துக்கக் கூடாது? புருஷன் பொண்டாட்டிதானே?"

"பாத்தா சண்டைங்க. தனித்தனியா இருந்தாத்தான் ரெண்டும் நல்லா இருக்கும்."

பின்னாலிருந்து கலீல் சொன்னான்: "நம்மளையும் அப்படி நினைச்சுத்தான் டீச்சர், விசா குடுத்துருக்காங்க."

புதன்கிழமை காலை. அட்டைப்பெட்டிகள் இரண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஆடாமல் கட்டிய ஒரு கிளை, மேலே ஈரத்துண்டு. ஒன்று வேலுச்சாமியின் மடியில், இன்னொன்று அவன் கால்களுக்கு நடுவே. கூண்டுகளும் செடிகளும் பிக்கப்பின் பின்னால்.

"மச்சான், ஹாரன் அடிக்காத."

"அடிக்கல."

"ரேடியோ."

"அணைச்சுட்டேன். மூச்சு விடலாமா?"

ரவுண்டானாவை அவர்கள் கல்யாண ஊர்வலம் போலச் சுற்றினார்கள். பின்னால் ஒரு டாக்ஸிக்காரர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "யல்லா! ஜல்தி கரோ பாய்!" என்று கத்தினார். கலீல் வெளியே கையை நீட்டி, "உள்ளே பிரசவ கேஸ் பாய்!" என்று இந்தியில் பதில் சொன்னான். டாக்ஸிக்காரர் சலாம் வைத்து ஒதுங்கினார்.

வகுப்பறைக்குள் நுழைந்ததும் வேலுச்சாமிக்குப் பகீரென்றது. ஏசி நின்றிருந்தது, அலமாரி துடைத்திருந்தது, எல்லாம் சரிதான். ஆனால் சுவரோரம் கொடி கட்டி, சிவப்பு, மஞ்சள், ஊதா என்று ஏழு நிறத்தில் ரவிக்கைத் துணிகள் தொங்கின. அந்தத் தையற்காரரிடமே வாங்கியவை.

"எந்தத் துணிமேல வைக்கறமோ அந்தக் கலருக்கு மாறும்னு பசங்க பந்தயமே கட்டியிருக்காங்க" என்றார் ஷியாமளா பெருமையாக. "ஹெட்மாஸ்டரும் அதைப் பாக்கத்தான் வரார்."

வேலுச்சாமி பெட்டிகளைக் கீழே வைக்கவில்லை.

"டீச்சர், அது துணியைப் பாத்து மாறாதுங்க. மனசு கலங்குனாத்தான் மாறும். நீங்க பாக்கணும்னு சொல்ற கலரு, அது பயந்துக்கிட்டு அழுற கலருங்க."

ஷியாமளாவின் முகத்தில் ஒரு நிமிஷம் இரண்டு மூன்று நிறம் வந்து போனது. பிறகு மடமடவென்று துணிகளை உருவி மேஜை டிராயருக்குள் திணித்தார்.

"அப்போ பசங்க எதைப் பாக்கறது?"

"மாறாம இருக்குறதைப் பாக்கட்டும். பச்சையா வந்து பச்சையாவே போயிட்டா, இந்தப் புள்ளைக ஜெயிச்ச மாதிரி."

ஷியாமளா அதை இங்கிலீஷில் ஒரு விளையாட்டாகவே மாற்றிச் சொல்லிவிட்டார். நாற்பது பிள்ளைகள், நாற்பது ஆட்காட்டி விரல்கள் உதட்டின்மேல். அலமாரியின் ஒரு கோடியில் கஃபீல், மறுகோடியில் பஞ்சவர்ணம், நடுவே நிமிர்த்தி வைத்த உலகப்படம். வேலுச்சாமி குச்சி நுனியில் ஒரு வெட்டுக்கிளியை நீட்டினான். கஃபீலின் இரண்டு கண்ணும் ஒரே புள்ளிக்கு வந்தன. அதன் உடம்பு நீளத்துக்கு நாக்கு பாய்ந்து திரும்பியது. நாற்பது வாய்களும் திறந்தன. ஒரு வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை.

முன்பெஞ்சு ஜலஜா கையைத் தூக்கிக் கிசுகிசுத்தாள். "அங்கிள், ஆர் தே டைவர்ஸ்ட்?"

ஷியாமளா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவங்க ரெண்டு பேருக்கும் விவாகரத்தா என்று கேட்கிறாள் என்றார். "இல்ல பாப்பா, ஒருத்தர் துபாயில, ஒருத்தர் ஊர்ல. அவ்வளவுதான்" என்றான் வேலுச்சாமி.

அந்த நேரம் பார்த்துக் கதவு படாரென்று திறந்தது. ஹெட்மாஸ்டர் பத்மநாபன், கோட்டும் டையுமாக. "ஏன் இவ்வளவு புழுக்கம்?" என்றபடி நேரே போய் ஏசியைத் திருகினார். அது உறுமிக்கொண்டு பனிக்காற்றைத் துப்பியது. பஞ்சவர்ணம் கிளையோடு ஒட்டிக்கொண்டது. விலாவில் ஒரு கறுப்புப் பட்டை எழும்பியது, பிறகு இரண்டு, மூன்று. போன வருஷம் ரூமுக்குப் பெயிண்ட் அடித்தபோது இப்படித்தான் பயந்து, நாலு நாள் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் கண் குழிவிழுந்து கிடந்தது.

ஜலஜா எழுந்து நின்றாள். கிசுகிசுப்பு மாறாமல், ஆனால் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "சார், யூ மேட் ஹெர் பிளாக்."

பத்மநாபன் பஞ்சவர்ணத்தைப் பார்த்தார். நாற்பது பிள்ளைகளும் அவரைப் பார்த்த பார்வையையும் பார்த்தார். தானே போய் ஏசியை அணைத்தார். பூனை நடை நடந்து வந்து ஜலஜாவின் பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் மோவாயைத் தொட்டன. நெற்றியில் வேர்வை வழிந்தது, அவர் துடைக்கவில்லை.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கி, இலைக்குள் இலையாகப் பஞ்சவர்ணம் மறுபடி பச்சைக்கு வந்தது. பத்மநாபன் கை தட்டப் போனார். உள்ளங்கைகள் தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். பிள்ளைகளும் அப்படியே, தொடாமல் தட்டினார்கள்.

"இதுக்கு என்ன பேர்?" என்று வராந்தாவில் கேட்டார்.

"பஞ்சவர்ணம் சார்."

"நல்ல பேர்! நீங்க வச்சதா?"

"இல்ல சார், என் மாமனார் வச்சது" என்று வாய் தவறிவிட்டது வேலுச்சாமிக்கு. கலீல் இருமுவது போலத் திரும்பிக்கொண்டான்.

ஷியாமளா விஷயத்தைச் சொன்னார். பத்மநாபன் தாடையைத் தடவினார். "எனக்கு ஆட்சேபணை இல்லை. கமிட்டியில ஒரு வார்த்தை கேட்கணும், பல்லின்னாலே நாற்காலிமேல ஏறுறவங்க ரெண்டு பேர் அதுல இருக்காங்க. நாலு மணிக்கு ஒர்க்ஷாப்புக்கு ஃபோன் பண்றேன், மிஸ்டர் வேலுச்சாமி. நாலுன்னா நாலு."

திரும்பும் வழியில் குறுக்கே ஓர் ஆடு வந்தது. கலீல் பிரேக்கை மிதித்த வேகத்தில் பஞ்சவர்ணத்தின் பெட்டி குலுங்கியது.

மத்தியானம், ஒர்க்ஷாப் ஜன்னலோரம் இறக்கி வைத்த கூண்டுகளில், கஃபீல் வெயிலில் ஒரு கண்ணை மூடித் தூங்கிவிட்டது. பஞ்சவர்ணம் உச்சிக் கிளையில், விலாவில் ஒற்றைப் பட்டையோடு உட்கார்ந்திருந்தது. டின்னிலிருந்து சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. அது திரும்பிப் பார்க்கவில்லை. வேலுச்சாமி சாப்பிடாமல் கூண்டோரம் நின்றான். கமிட்டி சரி என்று சொன்னாலும், இது தண்ணீர் குடிக்காமல் அவனால் எப்படிப் பிளேன் ஏற முடியும்?

"நாலாகப் போவுது. போய் ஃபோன்கிட்ட உக்காருடா" என்று கலீல் மொட்டைமாடியிலிருந்து கத்தினான். அங்கே ஏணிமேல் நின்று, வேலுச்சாமி பார்க்கவேண்டிய ஏசிக்கு அவனே கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தான்.

வேலுச்சாமி கூண்டைத் திறந்து கையைக் கிளைபோல நீட்டினான். காத்திருந்தான். பஞ்சவர்ணம் முன்னும் பின்னும் ஆடி ஆடி, காற்றில் அசைகிற இலையைப் போல, ஒரு காலை அவன் விரல்மேல் வைத்தது. அப்புறம் இன்னொன்று. அவன் கையை அங்குலம் அங்குலமாகச் சொட்டு விழும் இலைக்குக் கொண்டுபோனான். ஒரு கண் இலைப்பக்கம் திரும்பியது.

அப்போது ஃபோன் அடித்தது.

ஐந்தடி தூரத்தில், மேஜைமேல். எட்டுகிற தூரமில்லை. கையை உருவினால் எல்லாம் போச்சு.

"டேய், ஃபோன்! ஹெட்மாஸ்டருடா!"

பதிலுக்குக் கத்தினால் மிரண்டுவிடும். பஞ்சவர்ணம் வாயைத் திறந்து ஒரு சொட்டை வாங்கியது. தொண்டை அசைந்தது. விலாவிலிருந்த பட்டை தண்ணீரில் கரைவது போல மங்கத் தொடங்கியது. இரண்டாவது சொட்டு.

"காது கேக்கலையாடா உனக்கு? டிக்கெட்டுடா! ஊருடா!" ஏணி தடதடத்தது.

வேலுச்சாமி சிரிப்பை மட்டும் மாடியைப் பார்த்து அனுப்பினான், கையை அசைக்காமல். மூன்றாவது சொட்டு விழுந்தது. ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.